பெல்ட் மேல தப்பில்லை

உள்ளே போய் நின்னாலும் உங்களுக்குக் கால்தான் வலிக்கும் அக்கா. இப்படி ஃபேனுக்கு நேரா உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. மித்ரா, பெரியம்மா மடியில ஏறாதே, புடவை கசங்கும். ஏறிட்டாளா? சரி விடுங்க, புது ஆள்னா அவளுக்கு அப்படித்தான்.

அவங்க மூணு பேரும் இப்போதைக்குப் பட்டறையை விட்டு வெளியே வர மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் ரேஸ் காருக்குப் புது என்ஜின் கட்டணும், அதுல பெல்ட் போடறதா, செயின் போடறதா, கியர் போடறதா, அதானே பேச்சு? சீக்கிரம் முடியற பேச்சு இல்லீங்க. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து நான் கேக்கற பேச்சு அது ஒண்ணுதான். சோறு போட்டுக்கிட்டே கேட்டிருக்கேன், பாத்திரம் விளக்கிக்கிட்டே கேட்டிருக்கேன், இவளை வயித்துல வெச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே கேட்டிருக்கேன். சில வீட்ல நகை, சில வீட்ல நிலம். எங்க வீட்ல பெல்ட்டா செயினா. அலுத்துப் போச்சுங்க அக்கா.

ஆனா உங்க வீட்டுக்காரருக்கு நான் கையெடுத்துக் கும்பிடணும். 'அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து கட்டறதா இருந்தா கட்டுங்க, இல்லைன்னா சென்னைக்குக் கொண்டு போயிடறேன்'னு அவர் சொன்னதாலதான் எங்க மச்சாண்டார் இன்னைக்கு இந்தப் படி ஏறினார். மச்சாண்டார்னா இவரோட அண்ணன். தண்டபாணின்னு பேரு. நீலச் சட்டை போட்டுக்கிட்டு முதல்ல உள்ளே போனாரே, அவர்தான். ஒரு வருஷமா இந்தப் பக்கமே வரலை. இதே தெருவுலதான் இருக்கார். காய்கறி வண்டிகிட்ட நின்னா மூஞ்சி பாத்துக்கிற தூரம். இன்னைக்கும் என்னைப் பாத்துத் தலையை மட்டும் ஆட்டிட்டு உள்ளே போனார். இன்னைக்கு ஒண்ணு சேர்ந்தாத்தான் சேர்ந்தாங்க. இல்லைன்னா இனிமே இல்லை.

நான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனைமலைக்குப் பக்கம், தென்னந்தோப்பு நடுவுல ஒரு பள்ளிக்கூடம். இவங்க பேசறதைக் கேட்டுக் கேட்டு இப்ப நானே பாடம் எடுப்பேன். சொல்லட்டுங்களா? நீங்க வீட்ல கிரைண்டர் வெச்சிருக்கீங்களா? ஓடற கிரைண்டர்ல மாவைக் கையால உள்ளே தள்ளி விடுவோம் இல்லீங்களா, குழவி சுத்தி வர்றதுக்குள்ள கை வெளியே வந்துடணும். அவ்வளவுதான் என்ஜின். கீழே ஒரு தண்டு சுத்தும், அது பிஸ்டனை மேலே தள்ளும். மேலே ஒரு தண்டு சுத்தும், அதுக்குக் கேம்னு பேரு, அது வால்வைக் கீழே அமுக்கும். பிஸ்டன் மேலே வர்ற நேரம் வால்வு வழியில நிக்கக் கூடாது. நின்னா, குழவிக்குள்ள கை மாட்டின கதைதான். கீழ்த் தண்டையும் மேல் தண்டையும் நேரம் தப்பாம சேர்த்துக் கட்டறதுக்குத்தான் இந்தப் பெல்ட்டும் செயினும் கியரும்.

இவருக்குப் பெல்ட்டுதான் உசிரு. உள்பக்கம் பல்லு வெச்ச ரப்பர் பட்டை. எடை இல்லை, சத்தம் இல்லை, ரேஸ் நடக்கிற இடத்துலயே கவரைக் கழட்டி அப்படி இப்படித் திருப்பி நேரத்தை மாத்திக்கலாம். மச்சாண்டாருக்குக் கியர். கரும்பு ஜூஸ் மெஷின் பாத்திருப்பீங்களே, பல்லுச்சக்கரம் ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கிட்டு. அந்த மாதிரி. அறுந்து போறதுக்கு அதுல ஒண்ணுமில்லை, இழுபட்டு நீளாது. ஆனா கனம், ஊரைக் கூட்டற சத்தம். 'வண்டி வர்றது வீதி முனையிலேயே தெரியணும்டா சசி'ன்னு அவர் சொல்லுவார். 'தெரியும்ணா, ஜெயிச்சா பேப்பர்ல போடுவான்'னு இவர் சொல்லுவார். ரெண்டு பேரும் சிரிப்பாங்க. அப்பல்லாம் சிரிப்பாங்க.

நடுவுல நான் ஒருத்தி, 'செயின் போடுங்களேன்'னுவேன். பதினொண்ணாவது படிக்கும்போது கவர்மெண்ட்ல குடுத்த சைக்கிள் இன்னும் எங்க வீட்ல ஓடுது, என் தங்கச்சி ஓட்டறா. செயின் கழண்டிருக்கே ஒழிய ஒரு நாளும் அறுந்ததில்லை. இதைச் சொன்னா மச்சாண்டார், 'சசி, உன் வீட்டம்மாவை டீம் மேனேஜரா போட்டுடலாம்டா'ன்னு கிண்டல் பண்ணுவார். நல்ல மனுஷங்க அவர். நான் ஊருக்குப் போய்ட்டு வந்தா, 'அம்மிணி, எண்ணெய் வந்துச்சா?'ன்னுதான் முதல்ல கேப்பார். எங்கப்பா தோப்புத் தேங்காய், எங்க ஊர்ச் செக்குல ஆட்டின எண்ணெய். மூடியைத் திறந்தா வீடே மணக்கும். அவருக்குன்னு ஒரு பாட்டில் தனியா கொண்டு வருவேன். தலைக்கு அதைத் தவிர வேற எதையும் தொட மாட்டார். கண்ணைக் கட்டிவிட்டு நாலு கடை எண்ணெயை நீட்டினாலும் நம்மளதை மட்டும் கண்டுபிடிப்பார்.

அந்த மனுஷன்தான் ஒரு வருஷமா எண்ணெய் கேக்கலை. போன தடவை கொண்டு வந்தது அப்படியே அலமாரியில நிக்குது.

என்ன ஆச்சுன்னா, போன வருஷம் ஒரு டீமுக்கு என்ஜின் கட்டினாங்க. மூணு மாச வேலை. அண்ணன் விட்டுக்குடுத்து இவர் இஷ்டப்படி பெல்ட் போட்டாங்க. ஆயுத பூஜை முடிஞ்ச அந்த வாரக் கடைசியிலேயே ரேஸ். இவர் அந்தப் பெல்ட்டை என்னமோ கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிட்டார். 'கிட்ட வராதே சுகந்தி. பெல்ட் மேல சொட்டு ஆயில் படக்கூடாது, பட்டா பல்லு ஊறிப் போயிடும்'னு சொல்லிக்கிட்டே இருப்பார். அந்தக் கறுப்பு ஆயில் பட்டா எதுதான் ஊறாது? என் நைட்டியில பட்டா மூணு தண்ணி அலசினாலும் போறதில்லை. அதனால நானும் கிட்டவே போறதில்லை.

பூஜைக்கு முந்தின நாள் அண்ணனும் தம்பியும் வாழைக்கன்னு, பொரி, பூசணிக்காய் வாங்க மார்க்கெட் போயிட்டாங்க. பட்டறையைக் கழுவிச் சுத்தம் பண்றது என் வேலை. இவ அப்ப ஒம்பது மாசக் குழந்தை, முதல் பல்லு முளைக்கிற நேரம், இறக்கி விட்டா அழுவா. இடுப்புல வெச்சுக்கிட்டே எல்லாத்தையும் பண்ணினேன். ஸ்பேனர், சுத்தியல், டிரில்லு எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, துரு ஏறாம இருக்க எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வெச்சேன். காரோட மூடி திறந்து, பெல்ட் கவரும் கழட்டிக் கிடந்துச்சு. என்ஜின் நல்லா பளபளன்னு இருக்கு, பெல்ட் மட்டும் வெள்ளை பூத்த மாதிரி, பனிக்காலத்துல கால் வெடிச்ச மாதிரி காஞ்சு கிடக்கு. எனக்கு மனசு கேக்கலைங்க. மூணு மாசம் இந்த மனுஷன் உசிரை விட்டது இதுக்குத்தான், சாமி கும்பிடற அன்னைக்கு இது மட்டும் இப்படிக் கிடக்கலாமா? நல்லவேளை, அந்தக் கறுப்பு ஆயில் பக்கத்துலயே இருந்தாலும் அதைத் தொடலை. உள்ளே போய் நம்ம செக்கு எண்ணெயை எடுத்துட்டு வந்தேன். மச்சாண்டார் ஸ்பேனர் மாட்டிக் கீழ்ச் சக்கரத்தைச் சுத்தறதை நான் பாத்திருக்கேன். அதே மாதிரி மாட்டி, கொஞ்சம் சுத்துவேன், தெரியற இடத்துல தடவுவேன், மறுபடி சுத்துவேன். உள்பக்கம் பல்லு இடுக்கெல்லாம் விட்டுத் தேய்ச்சேன். இவளைக் குளிப்பாட்டி எண்ணெய் தேய்ப்பேனே, அந்த மாதிரி. கடைசியில பாக்கணுமே அக்கா, கன்னங்கரேல்னு என்ன ஒரு மினுமினுப்பு. ஒரு சந்தனப் பொட்டும் வெச்சேன். இடுப்பு விட்டுப் போச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. அது கெடக்கட்டும், ஆம்பளைங்க எதைத்தான் கவனிக்கிறாங்க.

பூஜை நல்லபடியா முடிஞ்சது. பூஜையில வெச்ச சாமானை அன்னைக்குத் தொடக்கூடாதுன்னு அப்புறம் பட்டறைப் பக்கம் யாரும் போகலை. அன்னைக்குச் சாயங்காலமே இவளுக்குக் காய்ச்சல். நெருப்பா கொதிக்குது. பல்லு முளைக்கிற காய்ச்சல்னு நான் சொன்னேன், இவருக்கு மனசு கேக்கலை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், சேர்த்துக்கிட்டாங்க. இவர் எங்களோடவே இருந்துட்டார். விடியறதுக்கு முன்னாடி அரை இருட்டுல மச்சாண்டாரே அவசரமா கவரை மூடி, பிளக்கை மாட்டி, வண்டியை லாரியில ஏத்தி ரேஸுக்குக் கொண்டு போயிட்டார். 'தம்பி எல்லாம் பாத்துத்தான் வெச்சிருப்பான்'னு அவருக்கு நம்பிக்கை. வேற யார் கட்டின என்ஜினா இருந்தாலும் ஒரு தடவை உத்துப் பாப்பார். தம்பி கட்டினதை அப்படிப் பாக்க மாட்டார்.

ரேஸ் அன்னைக்கு இவ காய்ச்சல் இறங்கிடுச்சு. இவர் நேரா அங்கேதான் போனார். இவர் போய் நின்னதும் நாலாவது இடத்துல இருந்த வண்டி ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சாம். அடுத்த சுத்துல சத்தம். பெல்ட் பல்லு கொட்டி, நேரம் தப்பி, வால்வெல்லாம் வளைஞ்சு, ஒரு பிஸ்டன்ல ஓட்டை. குழவிக்குள்ள கை. ஓட்டின பையனுக்கு ஒண்ணும் ஆகலை, அதுவரைக்கும் சாமி காப்பாத்துச்சு. நான் வெச்ச பொட்டு வீண் போகலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

ராத்திரி வண்டி இங்கே வந்துச்சு. இவர் கவரைக் கழட்டினார். மச்சாண்டார் அப்ப டீம்காரங்ககூட வெளியே நின்னு பேசிக்கிட்டு இருந்தார். நான் இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். இவர் பெல்ட்டை உருவினார். விரலால நீவிப் பாத்தார். அப்புறம் என்ன பண்ணினார் தெரியுங்களா, மூக்குகிட்டக் கொண்டு போய் மோந்து பாத்தார். மீன் வாங்கும்போது பாப்போமே, அந்த மாதிரி. மோந்துட்டு மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தார். அவ்வளவு நேரம் பாத்தார். 'சாப்பிடறீங்களா?'ன்னு கேட்டேன். பாவம், ரெண்டு நாளா தூக்கமில்லாத மனுஷன். பெல்ட்டைச் சுருட்டிச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு, 'குழந்தையைப் படுக்கப் போடு சுகந்தி'ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டார்.

மச்சாண்டார் உள்ளே வந்தார். 'பெல்ட் எங்கடா?'ன்னார்.

'தூக்கிப் போட்டுட்டேன்ணா.'

'பாக்காமலேயா? எதனால போச்சு?'

'என் மேலதான் தப்பு. நான் ஒரு தடவை பாத்திருக்கணும், பாக்காம விட்டுட்டேன்.'

'என்னத்தைப் பாக்காம விட்டே?'

இவர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைச்சு மாட்டினார்.

'நான் அன்னைக்கே கியர் போடலாம்னு சொன்னேன். பெல்ட் நமக்குச் சரிப்படாதுன்னு சொல்லிடு, விட்டுடறேன்.'

'பெல்ட் மேல தப்பில்லைண்ணா.'

அதுல ஆரம்பிச்சதுதான். டீம் கை கழுவிட்டுப் போயிட்டாங்க. அது போனாப் போகுதுங்க, வேற வரும். மச்சாண்டாருக்கு அது கோபமில்லை. 'என்னமோ நடந்திருக்கு, இவன் என்கிட்ட மறைக்கிறான். இத்தனை வருஷத்துல ஒரு நட்டு தவறிக் கீழே விழுந்தாக்கூட என்கிட்டச் சொல்றவன். என்கிட்ட மறைச்சிட்டு எப்படி அம்மிணி ஒரே பட்டறையில நிக்கிறது?'ன்னு என்கிட்டயே கேட்டார். கண்ணு கலங்கிப் போச்சு அவருக்கு. அந்த மாசமே அவர் பங்குச் சாமானை எடுத்துக்கிட்டுத் தெரு முனையில தனியா ஷெட் போட்டுட்டார்.

அந்த வருஷம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. பொங்கல் தனித்தனி. எங்க ஓரகத்தி கோமதி அக்கா, மச்சாண்டார் வீட்டம்மா, யாருக்கும் தெரியாம குழம்பு குடுத்து விடுவாங்க, நான் அந்தப் பாத்திரத்துல முறுக்கு போட்டுத் திருப்பி அனுப்புவேன். இங்கே இவர் பேச்சே இல்லாம வேலை பாப்பார். கேம் நேரம் வெக்கிறதுன்னா ரெண்டு பேர் வேணுமாம், ஒருத்தர் கீழே ஸ்பேனரை மாட்டிச் சுத்தணும், ஒருத்தர் மேலே மீட்டர் முள்ளைப் பாத்துச் சொல்லணும். அண்ணன் இல்லை, வெளி ஆளை விட மாட்டார். அப்ப யாரு? நான்தான். அடுப்புல பருப்பு வெந்துக்கிட்டு இருக்கும், இவ காலைக் கட்டிக்கிட்டு நிப்பா, நான் ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். 'இன்னும் துளி... துளி... நிறுத்து.' பருப்பு அடி பிடிக்கும். 'துளின்னா எவ்வளவு?'ன்னு கேட்டேன் ஒரு நாள். 'அண்ணன் கேக்க மாட்டான்'னார்.

எத்தனை தடவை சொல்லிப் பாத்துட்டேன். 'ஏனுங்க, பெல்ட் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அது ரப்பர்தானே, கோவிச்சுக்கவா போகுது? உங்க அண்ணன் மனசு ஆறும்.' தலை நிமிராம, 'பெல்ட் மேல தப்பில்லை சுகந்தி'ம்பார். 'அப்ப யார் மேலதான் தப்பு?'ன்னா, 'நான் பாத்திருக்கணும்'பார். சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிப்பார். இவ்வளவு வீம்பு பிடிச்ச மனுஷனை நான் எங்கேயும் பாத்ததில்லை. என்னதான் அவர் பாக்காம விட்டாரு, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா, நானே நேரா மச்சாண்டார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுவேன். எனக்கென்ன பயம்?

ஆனா ஒண்ணு, மனுஷன் கொஞ்சம் மாறியிருக்கார். இந்த வருஷம் கட்டின என்ஜின் எல்லாத்துலயும் செயின். ஆமாங்க அக்கா, என் சைக்கிள் கதை கடைசியில மண்டையில ஏறிடுச்சு. போன வாரம் ஆயுத பூஜைக்கு அவரே அடுப்படியில இருந்து நம்ம எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்து, 'இதுக்கு நீ எவ்வளவு வேணும்னாலும் பூசு. செயின் உள்ளே ஆயில்லயே குளிச்சுக்கிட்டு ஓடற சாமான், ஒண்ணும் ஆகாது'ன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார். ஒரு வருஷம் கழிச்சு அப்பத்தான் அவர் பல்லைப் பாத்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. முன்னல்லாம் கிட்டயே விடாத மனுஷன்.

இன்னொண்ணு காட்டட்டுங்களா? மித்ரா, அந்த ரயிலை எடுத்துட்டு வா. பெரியம்மாகிட்டக் குடு. சமத்து.

இதுதான் அந்தப் பெல்ட். தூக்கிப் போட்டுட்டேன்னு அண்ணன்கிட்டச் சொன்னாரில்லையா? தூக்கிப் போடலை. பூஜைக்கு மேல் தட்டைச் சுத்தம் பண்றப்ப பழைய துண்டுக்குள்ள சுத்தி வெச்சிருந்ததைப் பாத்தேன். இவ கண்ணுல பட்டுடுச்சு, அன்னையில இருந்து இதுதான் இவளுக்கு ரயிலு. இங்கே பாருங்க, வரிசையா நாலஞ்சு பல்லு கொட்டிப் போயிருக்கு. தொட்டுப் பாருங்க, மெதுமெதுன்னு இருக்கும். மோந்து பாருங்களேன். பரவாயில்லை, மோந்து பாருங்க. கொஞ்சம் சிக்கு வாடை அடிச்சாலும் உள்ளே நம்ம எண்ணெய் வாசம் இருக்கு, தெரியுதுங்களா? என்ஜின் வெடிச்சும் அது போகலை பாருங்க. வெளியே கல்லு மாதிரி இருந்துக்கிட்டு, பொண்டாட்டி தடவின எண்ணெய் வாசத்துக்காக இதை எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கார். நான் பாத்ததை அவர்கிட்டச் சொல்லலை. வெக்கப்படுவார்.

என்ன அக்கா, அப்படிப் பாக்கறீங்க? அவரும் அன்னைக்கு இதை மோந்துட்டு இப்படித்தான் என்னைப் பாத்தார்.

இருங்க, உள்ளே குரல் ஒசந்த மாதிரி இருக்கு. கேக்குதுங்களா? 'மறுபடியும் பெல்ட்டாடா?'ன்னு மச்சாண்டார் கேக்கறார். உங்க வீட்டுக்காரர் பெல்ட் கேக்கறாரா? கேட்டா இவர் என்ன சொல்லுவார்னு... பாருங்க, சொல்லிட்டார். 'பெல்ட் மேல தப்பில்லை.' ஐயோ, இந்த மனுஷன் இன்னைக்கும் அதையே சொல்லணுமா? நாற்காலி தள்ற சத்தம். மச்சாண்டார் எழுந்துட்டார்னு நினைக்கிறேன். போயிடப் போறார் அக்கா.

இல்லை, டீ கொண்டு போனா உட்காருவார். என் கையால குடுத்தா ஒரு வாய் குடிக்காமப் போனதில்லை. பால் காய்ஞ்சு தயாரா இருக்கு, ஒரு நிமிஷம்.

இதோ ஆச்சு. இது உங்களுக்கு, சர்க்கரை கம்மியாத்தான் போட்டேன். தட்டுல மூணு டம்ளர் இருக்கு, அந்த ரயிலை இப்படித் தட்டு மேல வைங்க. ஆமா, உள்ளேதான் கொண்டு போறேன். மச்சாண்டார் இதைப் பாத்ததே இல்லையே, தூக்கிப் போட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கார். நம்ம எண்ணெய்னா அவருக்குப் போதும், மோந்ததுமே கண்டுபிடிச்சிடுவார். பழசெல்லாம் ஞாபகம் வந்து ஒரு சிரிப்பு சிரிச்சார்னா, அப்படியே உட்கார்ந்துடுவார்.

ஏனுங்க அக்கா, கையைப் பிடிக்கிறீங்க? விடுங்க, டீ ஆறிடும்.